டாலாக் கரையில் கிற்றார்

றங்கூனின் பன்சொடான் துறையில் படகேறினால் பத்து நிமிடத்துக்குள் அக்கரை வந்துவிடும். அக்கரையின் பெயர் டாலா. 2014ல் யப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 'செரி' என்ற பெயருள்ள படகுகளில்தான் நான் இரண்டு தடவையும் போனேன். காலையில் நகரத்துக்குக் கூலிவேலைக்கும் கடைவேலைக்கும் போகிற சனம், மாலையில் அதே படகில் திரும்பி வரும். துறையிலிருந்து பார்த்தால் நகரத்தின் கட்டடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஆனால் டாலா நகரமல்ல. ஐராவதி டெல்டா அங்கேதான் தொடங்குகிறது.

அங்குள்ள சில தமிழ் இளைஞர்கள் கிற்றார் வைத்துக்கொண்டு எந்த இசைத்தட்டுக்களைக் கேட்கிறார்கள், அவற்றைத் தங்களுக்குள் எப்படிக் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இங்கு எழுதப்போகிறேன். இதற்கா இத்தனை பக்கம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சந்திப்பொன்றின் தேநீர் இடைவேளையில் இதைச் சொல்லத் தொடங்கியபோதே நண்பர் ஒருவர், "அந்தச் சனத்துக்குத் தமிழே மறந்து போச்சுது, நீர் கிற்றாரைப் பற்றிக் கதைக்கிறீர்" என்று கோபித்தார். கிற்றார் எங்களுடைய வாத்தியமல்ல என்பதும், றொக்கும் புளூஸும் வெள்ளைக்காரனின் களியாட்டம் என்பதும் அவருடைய கட்சி. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. அவருக்குரிய பதிலாகவும் இதனை எடுத்துக்கொள்ளலாம்.

டாலாவில் தமிழர் எப்படி வந்தார்கள் என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஐராவதி நதிக் கப்பற் கம்பனியின் கப்பற்பட்டறை டாலாவில்தான் இருந்தது. ஒரு காலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்களை நதியில் ஓட்டிய கம்பனி அது. பட்டறையிலும் துறையிலும் நெல் ஆலைகளிலும் தெலுங்கரும் தமிழரும் சிட்டகாங்காரரும் வேலை செய்தார்கள். தஞ்சாவூரிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கப்பலேறினார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒரு டெல்டாவில் பிறந்து இன்னொரு டெல்டாவில் கூலியானவர்கள். 1942ல் யப்பானியர் வந்தபோது நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். கால்நடையாக மலை கடந்தவர்களில் பலர் வழியிலேயே செத்தார்கள். கம்பனி தன் கலங்களைத் தானே மூழ்கடித்தது. பிறகு 1962ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாயின. 1964ல் ஐம்பது, நூறு கியாத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. இரண்டாவது தடவையும் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் நான் டாலாவில் சந்தித்தேன். வீட்டில் தமிழ்ப் பெயர், வெளியில் பர்மியப் பெயர். கோவிலில் தமிழ், தெருவில் பர்மியம். கிற்றார் அவர்களுக்குத் தெருவில் கிடைத்தது.

பர்மாவில் கிற்றார் எல்லார் வீட்டிலும் இருக்கக்கூடிய வாத்தியம். இரவில் தெருமுனையில் நாலு பெடியங்கள் குந்தியிருந்து வாசிப்பது அங்கு சாதாரணக் காட்சி. பாட்டுவரிகளுக்கு மேலே 'கோட்' எழுத்துக்கள் அச்சிட்ட மலிவுப் புத்தகங்கள் நடைபாதையில் விற்கும். இசைப் பள்ளிக்கூடம் போகாமல் ஒரு தலைமுறையே அதைப் பார்த்துக் கற்றிருக்கிறது. டாலாப் பெடியங்களும் அப்படித்தான். ஐந்து பேர், இரண்டு கிற்றார். அவர்களுடைய பெயர்களைத் தவிர்க்கிறேன். காரணம் கடைசியில் விளங்கும்.

தேத்தண்ணிக் கடையில் முதலாவது கோப்பை வருவதற்குள் வந்த கேள்வி: "அண்ணே, இப்ப என்ன கேட்டுக்கிட்டிருக்கீங்க?" நலமா என்று கேட்பதற்குப் பதிலாக அவர்கள் கேட்பது இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாட்டொன்றின் பெயரைச் சொன்னால் திருப்திப்படமாட்டார்கள். முழு அல்பம் வேண்டும். முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை குலையாமல் கேட்கவேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு சட்டம். ஒருவர் கொண்டுவந்ததை மற்ற நால்வரும் ஒரு கிழமை கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்லவேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். எங்களுடைய விமர்சனக் கூட்டங்களிலும் இந்தச் சட்டம் இருந்தால் எவ்வளவோ நல்லது.

2016ல் நான் முதலில் போனபோது அவர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தது அயர்லாந்துக்காரர் கேரி மூரின் 'ஸ்ரில் கொட் த புளூஸ்' (1990). ஆசியாவில் கிற்றார் பிடிக்கும் பெடியங்கள் அநேகமாக எல்லாரும் இந்த வாசலால்தான் புளூஸுக்குள் நுழைகிறார்கள். அழுகை கொஞ்சம் அதிகம், தமிழ்ச் சினிமாவின் சோகப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு உடனே பிடித்துவிடும். ஐவரில் மூத்தவர் மட்டும் அதை ஒதுக்கிவிட்டு பி.பி. கிங்கின் 'லைவ் அற் த ரீகல்' அல்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். 1964 நவம்பரில் சிக்காகோ அரங்கொன்றில் ஒலிப்பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்தது அது. ஏன் என்று கேட்டேன். "கேரி மூர் நிறையப் பேசுறாரு அண்ணே. இவரு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சும்மா இருக்காரு" என்றார். கிங் ஒரு வரி பாடுவார், பிறகு கிற்றார் அதற்குப் பதில் சொல்லும். பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். கச்சேரியில் பாடகர் நிறுத்திய இடத்தில் வயலின் எடுத்துக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

புளூஸ் என்பது என்ன என்று வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதன் அச்சு மிக எளிது. பன்னிரண்டு தாளக்கட்டு, நான்கு நான்காக மூன்று வரி. முதல் வரியைப் பாடி, இரண்டாவதாக அதையே திரும்பப் பாடி, மூன்றாவதில் பதில் சொல்வார்கள். மூன்றே மூன்று கோட்: ஸட்ஜத்தில் நிற்பது, மத்திமத்தில் நிற்பது, பஞ்சமத்தில் நிற்பது. முதல் வரி ஸட்ஜத்திலேயே நிற்கும். இரண்டாவது வரி மத்திமத்துக்குப் போய்த் திரும்பும். மூன்றாவது பஞ்சமத்தில் ஏறி மத்திமம் வழியாக வீட்டுக்கு வரும். ஒரு பின்னேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் உயிர் இருப்பது வேறிடத்தில். புளூஸ் கிற்றாரில் அதிகம் புழங்கும் ஐந்து சுரங்கள் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம். இது எங்கள் சுத்த தன்யாசியின் சுரங்களேதான். கீழே உள்ள கோட் அந்தர காந்தாரத்தைக் கேட்கும், மேலே பாடுகிறவர் சாதாரண காந்தாரத்தைப் பாடுவார். இரண்டுக்கும் நடுவில், பியானோவில் கட்டையே இல்லாத ஓரிடத்தில், புளூஸ்காரன் போய் நிற்கிறான். கிற்றார்த் தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளி வளைப்பது அந்த இடத்துக்குப் போவதற்காகத்தான். கமகத்துக்குப் பழகிய கைக்கு இது எளிதில் வரும் என்று நினைத்தேன். டாலாவின் இளையவர் என் நினைப்பைத் திருத்தினார். வளைப்பது எளிது, வளைத்த இடத்தில் ஆடாமல் நிற்பதுதான் கஷ்டமாம்.

நண்பரின் முதலாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கிற்றார் யாருடைய வாத்தியம்? ஸ்பெயினில் உருவானது, மாட்டுக்காரர்களோடு ஹவாய்த் தீவுகளுக்குப் போனது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெக்குக்கு என்பவர் உருக்குத் துண்டொன்றைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். 1915ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெருங் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் ஹவாய்க் கிற்றார்ப் பித்துப் பிடித்தது. மிசிசிப்பி டெல்டாவின் கறுப்பர்கள் போத்தல் கழுத்தையும் கத்தியையும் தந்திமேல் வழுக்கி வாசித்ததற்கு மூலம் ஹவாய் என்பாரும் உண்டு, ஆபிரிக்க ஒற்றைத் தந்தி வாத்தியம் என்பாரும் உண்டு. அதே ஹவாய்க் கிற்றார் கல்கத்தாவுக்கும் றங்கூனுக்கும் வந்தது. பர்மியர் அதைத் தங்கள் பழைய பாட்டுகளுக்கு இசைவாகச் சுருதி மாற்றிக் கட்டி, தங்கள் வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஊ தின் என்ற கலைஞரின் வாசிப்பைக் கேட்டவர்கள் அதனை இறக்குமதி என்று சொல்லமாட்டார்கள். எங்களிடமும் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையை வழுக்கி வாசிக்கும் முறை இருக்கிறது. இந்தியாவில் விஷ்வ மோகன் பட் தன் மோகன வீணையோடு அமெரிக்கர் றை கூடருடன் சேர்ந்து வாசித்த 'எ மீற்றிங் பை த றிவர்' (1993) கிறாமி விருது பெற்றது. அந்த அல்பத்தை நான்தான் டாலாவுக்குக் கொண்டுபோனேன். ஐவரில் இரண்டு பேருக்குத்தான் பிடித்தது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாருக்கும் எந்தக் கவலையும் இல்லாத மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னதை இன்றைக்கும் மறுக்க முடியவில்லை.

களியாட்டம் என்ற இரண்டாவது குற்றச்சாட்டு அதைவிடப் பிழையானது. மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். 1943ல் றெயிலேறிச் சிக்காகோவுக்குப் போனார். மதுச்சாலையின் இரைச்சலில் சாதாரணக் கிற்றார் கேட்காது என்பதால் மின்கிற்றாரை எடுத்தார். பிற்கால றொக் இசையின் சத்தம் ஊர்விட்டு வந்த கூலி ஒருவரின் அந்தத் தேவையிலிருந்து தொடங்கியது எனலாம். 1916க்கும் 1970க்கும் இடையில் சுமார் அறுபது லட்சம் கறுப்பர்கள் தெற்கைவிட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். அவர்களுடைய இசையை அகதி இசை என்று சொல்வது மிகையாக இருக்கலாம், ஊரிழந்தவர்களின் இசை என்பதில் சந்தேகமில்லை. மடி வாட்டர்ஸ் மின்சாரத்தை விலக்கிவிட்டு வாசித்து 1964ல் வெளிவந்த 'போக் சிங்கர்' அல்பம் டாலாவில் ஒரு சுற்று வந்தது. ஆற்றங்கரையில், தகரக் கூரையின் கீழ், மின்சாரம் நின்ற நேரத்தில் ஒரு கைத்தொலைபேசியிலிருந்து அதை ஐந்து பேரும் கேட்டதை நான் பார்த்தேன். இடையில் யாரும் கதைக்கவில்லை.

இனி, பர்மாவுக்கேயுரிய ஒரு விவகாரம். அங்கே மேல்நாட்டுப் பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு பர்மிய வரிகளை எழுதிப் பாடுவதற்குக் 'கொப்பி தச்சின்' என்று பெயர். தச்சின் என்றால் பாட்டு. பல பத்தாண்டுகளாக இது பெருந்தொழிலாகவே நடந்தது. 1914ம் ஆண்டுப் பிரித்தானியர் காலச் சட்டமே பதிப்புரிமைச் சட்டமாக நீடித்ததால் தடுப்பாரும் இல்லை. புதிய சட்டம் 2019ல்தான் நிறைவேறியது. றங்கூனின் சொந்த றொக் இசைக்காரர்களும் இந்தக் கொப்பி உலகத்தில் வளர்ந்தவர்களே. 1990களில் எழுந்த அயன் குறொஸ் குழுவின் கிற்றார்க்காரர் சிற் சான் மாவுங், கரேன் இனத்தவர், டாலாவின் ஐவருக்கும் கடவுள். அந்தக் குழுவின் பாடகர் லே பியூ தன் அல்பமொன்றுக்கு 'பவர் 54' என்று பெயர் வைத்தார். 54 என்பது ஆங் சான் சூச்சி சிறைவைக்கப்பட்டிருந்த வீட்டின் இலக்கம் என்று தணிக்கையாளர்களுக்குப் பின்னர்தான் உறைத்தது. இலக்கத்தை வெட்டினார்கள். பாட்டுவரியில் மட்டுமல்ல, உறையிலிருக்கும் எண்ணிலும் அரசுகளுக்குப் பயம் வரும்.

கொப்பி தச்சினைப் பற்றி ஐவருக்குள்ளும் சண்டை இருந்தது. மூத்தவர் அதைக் களவு என்றார். எங்களூரில் கசெற் பதிந்து வளர்ந்த என்னைப் போன்றவனுக்கு அவரோடு வாதாட முகமில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பாட்டுக் கேட்ட எவரும் அந்தக் கசெற்றின் உரிமம் யாரிடம் என்று விசாரிக்கவில்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகச் சென்னைக் கடற்கரை றெயில் நிலையத்தருகே 1969ல் உருவான பர்மா பசாரில் வெளிநாட்டுக் கசெற்றும் றேடியோவும் வாங்கியவர்களும் விசாரித்ததில்லை. டாலாவிலிருந்து துரத்தப்பட்டவர்களின் உறவுகள் அந்தக் கடைகளில் நின்று சென்னைப் பெடியங்களுக்கு மேல்நாட்டு இசையை விற்றிருக்கக்கூடும். இதை டாலாவில் சொன்னபோது ஐவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனாலும் மூத்தவர் சொன்னதில் நியாயமில்லாமலில்லை. திருட்டு இறுவட்டுக்களால் முதலில் அழிந்தவர்கள் லண்டன் கம்பனிக்காரரல்ல, றங்கூனில் சொந்தமாக மெட்டமைத்தவர்களே. கொப்பிக்கு மெட்டுச் செலவில்லை, கூலியில்லை. சொந்தமாகச் செய்பவர் அதோடு போட்டிபோட முடியாது. இந்த அளவில் நான் மூத்தவர் பக்கம்.

அப்போது இளையவர் கிற்றாரை எடுத்து ஒரு மெட்டை வாசித்தார். அமெரிக்கக் கான்சாஸ் குழுவின் 'டஸ்ற் இன் த விண்ட்'. 1977ல் வெளிவந்த 'பொயின்ற் ஒப் நோ றிற்றேர்ண்' அல்பத்தில் உள்ளது. அதன் கதை வேடிக்கையானது. கெறி லிவ்கிறென் என்ற கிற்றார்க்காரர் விரற்பயிற்சிக்காக அதை வாசித்துக்கொண்டிருந்தார். பெருவிரல் தாழ்ந்த தந்திகளில் மாறி மாறி அடிக்க, மற்ற விரல்கள் மேல் தந்திகளில் மெட்டைக் கோக்கும் பயிற்சி. கேட்டுக்கொண்டிருந்த மனைவி, இதற்கு வரிகள் எழுதினால் என்ன என்று கேட்டார். எழுதினார். உலகமெங்கும் கிற்றார் பழகுபவர்கள் அதைப் பயிற்சியாகவே இன்றும் வாசிக்கிறார்கள்.

அந்த மெட்டுக்கு 1988 எழுச்சியின்போது நாயிங் மியன்மார் என்பவர் பர்மிய வரிகள் எழுதினார். 'கபா மாச்சே பூ' என்ற அந்தப் பாட்டின் பெயருக்கு, உலகம் முடியும்வரை இது தீராது என்பதுபோலப் பொருள். தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்கான பாட்டு. கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பதிந்தே பரவியது. வைத்திருப்பதே ஆபத்தான காலத்திலும் மறக்கப்படவில்லை. 2021 பெப்ரவரி 1ம் திகதி இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபோது, 1988ல் பிறந்தேயிராத பிள்ளைகள் அதே பாட்டைத் தெருவில் பாடினார்கள். இதுவும் கொப்பி தச்சின்தான். மூத்தவர் அன்று வாதத்தை நிறுத்திவிட்டார். இது 2019ல், என் இரண்டாவது பயணத்தில். அடுத்து என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பயணத்தில் நான் கொடுத்துவிட்டு வந்தது சகாராப் பாலைவனத்தின் தினாரிவென் குழுவின் 'அமான் இமான்' (2007). மாலி நாட்டிலிருந்து அகதிகளான துவாரெக் இளைஞர்கள் இவர்கள். குழுவை உருவாக்கிய இப்ராகிம் அக் அல்ஹபிப் சிறுவனாக இருந்தபோது, 1963ல், தந்தை கொல்லப்பட்டார். தகரடப்பா, தடி, சைக்கிள் பிறேக் கம்பி ஆகியவற்றால் தன் முதற் கிற்றாரைச் செய்துகொண்டார். லிபியாவின் முகாம்களில் குழு உருவாயிற்று. வெறுங் கசெற் ஒன்றைக் கொண்டுவருபவருக்கு இலவசமாகப் பாடிப் பதிந்துகொடுத்தார்கள். அது கையிலிருந்து கைக்குப் பாலைவனம் முழுவதும் போனது. அவர்களுடைய அல்பம் வெளியுலகத்துக்கு 2001ல்தான் வந்தது. மிசிசிப்பியைக் கேட்காமலே மிசிசிப்பி போல வாசிக்கிறார்கள் என்று விமர்சகர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பு சைக்கிள் கம்பியில்தான். நாங்கள் கவிழ்த்துவைத்துச் சுற்றியதும் சைக்கிள்.

டாலாவில் கசெற் இல்லை. தொலைபேசிக் கடையில் மெமரி கார்ட்டில் ஏற்றித் தருவார்கள். அதன்பின் 'ஸாப்யா' என்ற செயலி மூலம், இணையமே இல்லாமல், ஒரு தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்கு. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் பாட்டு வந்துசேரும். பகிர்வதென்றால் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற அந்தக் கட்டாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்த வாங்கு இப்போது வெறுமையாகிவிட்டது. 2021க்குப் பிறகு வீதியில் மறித்துத் தொலைபேசியைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். எந்தப் பாட்டு, எந்தப் படம், தடையைச் சுற்றிப் போகும் வி.பி.என் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஹிப் ஹொப் பாடகராக இருந்து நாடாளுமன்றத்துக்குப் போன பியோ ஸேயா தோவை 2022 யூலையில் தூக்கிலிட்டார்கள். 2024 பெப்ரவரியில் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது. ஐவரும் அந்த வயதுக்குள். இருவர் தாய்லாந்து எல்லையைக் கடந்துவிட்டார்கள். ஒருவர் மலேசியாவில், உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். பாரிசில் எங்களில் எத்தனை பேர் தொடங்கிய வேலை அது! கிற்றாரை விற்றுத்தான் பயணக் காசு கட்டினார். இன்னொருவரைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

டாலாவில் இருப்பவர் மூத்தவர் ஒருவர்தான். மற்றக் கிற்றார் அவரிடம். மேல் தந்தி அறுந்துபோய் ஐந்து தந்தியோடு வாசிக்கிறாராம். இரவில் வெளியில் இருந்து வாசிப்பதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, சில வேளை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு வரிச் செய்தி வரும். சண்டையைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ அதில் ஒன்றும் இருக்காது. சென்ற தடவை றொபேட் ஜோன்சனைக் கேட்பதாக எழுதியிருந்தார். 1936லும் 1937லுமாக இருபத்தொன்பது பாட்டுகளைப் பதிந்துவிட்டு இருபத்தேழு வயதில் செத்துப்போனவர். அவற்றில் பதினாறை 1961ல் 'கிங் ஒப் த டெல்டா புளூஸ் சிங்கேர்ஸ்' என்ற இசைத்தட்டாக வெளியிட்டார்கள். முன்பு கேட்டபோது ஒரே இரைச்சலாக இருந்ததாம். இப்போது இரைச்சலுக்குப் பின்னால் இருப்பவர் தெரிகிறாராம். பெருவிரல் செய்வதை இன்னும் பிடிக்க முடியவில்லையாம்.

கடைசி வரி வழக்கமான கேள்வி. நீங்க என்ன கேட்டுக்கிட்டிருக்கீங்க?

ஷில்லொங் நகரத்துப் புளூஸ் குழுவான சோல்மேற்றின் 'ரென் ஸ்ரோறீஸ் அப்' (2014) என்று பதில் எழுதினேன். றூடி வல்லாங்கின் கிற்றார், திப்ரிதி கர்பங்காரின் குரல். வங்காள விரிகுடாவின் இந்தப் பக்கத்திலும் புளூஸை இப்படிப் பாட முடியும் என்று காட்டிய குழு. வேண்டுமென்றால் அனுப்பிவிடவா என்றும் கேட்டிருந்தேன்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. "அனுப்பாதீங்க அண்ணே. பேரை மட்டும் எழுதி வைங்க. எந்தப் பாட்டுல ஆரம்பிக்குதுன்னும் எழுதுங்க."

வரிசையை முழுவதுமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.